அடுத்த ரசனைக்கும் சுவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் சுவர் அலங்காரம் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இப்போது எந்த நிறம் எடுப்பு, எந்த டிசைன் புதுசு என்பதோடு நின்றுவிடுகின்றன. ஐந்தாறு வருடத்தில் அது சலித்துப்போனால் எப்படி எடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. ரசனை மாறுவது இயல்பு. பழையதை ஒழுங்காக எடுக்காமல் அதன் மேலேயே புதியதை ஏற்றுவதால்தான் சுவர் கெடுகிறது.

ரசனை காற்றில் மாறுவதும் இல்லை. பொருளும் விலையும் மாறினால் அதுவும் மாறும். பிரிட்டனில் 1712 முதல் 1836 வரை வால்பேப்பருக்கு வரி இருந்தது. வரி நீங்கி, இயந்திர அச்சும் வந்த பிறகுதான் பூப்போட்ட தாள் சாதாரண வீடுகளிலும் பரவலாக ஏறியது. அன்று பலரும் ஆசைப்பட்ட பளிச்சென்ற பச்சை, 1775-இல் ஷீலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த ஆர்சனிக் சாயம். தாளிலிருந்து உதிர்ந்த தூசியே நஞ்சு. எண்ணெய் பெயிண்டில் வெகுகாலம் கலந்திருந்த ஈயமும் அப்படித்தான். பழைய வீட்டில் அடுக்கடுக்காக எண்ணெய் பெயிண்ட் இருந்தால் காய்ந்தபடி உப்புத்தாள் போடவே கூடாது. முதலில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை வைத்து, நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது.

சுண்ணாம்புச் சுவரில் அடித்த எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) உரிகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். பழி பெயிண்டின் மேல் விழுகிறது. பெயிண்ட் சுண்ணாம்பை நன்றாகவே பிடித்திருக்கும். சுண்ணாம்புதான் சுவரைப் பிடித்திருக்காது. பல வருடம் அடித்த பூச்சு அடுக்கடுக்காக நின்று மாவாகியிருக்கும். எமல்ஷன் காயும்போது இழுக்கும் இழுப்பில் மொத்தமும் பாளம் பாளமாகக் கழன்று வரும். செலோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டிக்கொண்டு வந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

அப்படிப்பட்ட சுவரைத் தகட்டால் சுரண்டி, 80 அல்லது 100 நம்பர் உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு சுண்ணாம்பின் காரம் தாங்கும் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, ஒரு கோட். அதன் மேல் சுவரை மழமழப்பாக்கும் பட்டி இரண்டு கோட், இரண்டும் சேர்ந்து 1.5 மில்லிமீட்டருக்குள். பள்ளத்தை நிரப்பப் பட்டியைத் தடிமனாக அப்பினால் வெடிக்கும். பெரிய பள்ளத்தைச் சிமென்ட் பூச்சால்தான் அடைக்க வேண்டும். பட்டியை 180, அடுத்து 240 நம்பர் தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து மறுபடி பிரைமர், பிறகு எமல்ஷன் இரண்டு கோட். தூசியைத் துடைக்காமல் விட்டால் பழைய மாவுச் சுவருக்கே திரும்பிவிட்டோம் என்று அர்த்தம். புதிதாகப் பூசிய சுவராக இருந்தால் 28 நாளாவது ஆறவிட வேண்டும். சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பே அடிப்பவருக்கு இந்தப் பாடு பெரிதாக இல்லை. உதிர்வதைத் தேய்த்துவிட்டு, சுவரை நனைத்து அடித்தால் போதும். அந்தப் பூச்சின் இந்தக் குணத்தை நாம் மறந்துவிட்டோம்.

வால்பேப்பர் ஒட்டுமுன் சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 45 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால் அந்தச் சுவரில் தாளும் வேண்டாம், பேனலும் வேண்டாம். வினைல் தாள் ஈரத்தை வெளியே விடாது. முகப்பு அழகாக இருக்க, பின்னால் கறுப்புப் பூஞ்சை படரும். ஒரு சுருள் பொதுவாக 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். பெரிய பூ டிசைனில் பொருத்தம் பார்த்து வெட்டும்போது கழிவு அதிகமாகும். ஒரு சுருள் கூடுதலாக வாங்குங்கள், எல்லாச் சுருளிலும் பேட்ச் எண் (ஒரே தடவையில் அச்சானதைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்கட்டும்.

வால்பேப்பரை எடுக்கும்போது மேல்தோலை மட்டும் முதலில் உரிக்க வேண்டும். சுவரில் நிற்கும் அடித்தாளை வெந்நீர் ஸ்பாஞ்சால் நனைத்து 10, 15 நிமிடம் பொறுத்தால் தகடு வழுக்கிக்கொண்டு போகும். அவசரப்பட்டால் பட்டியும் சேர்ந்து வரும். பெரும்பாலானவர்கள் தாள் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பசை அங்கேயே இருக்கிறது! விரலை நனைத்துச் சுவரில் தேய்த்தால் கொழகொழவென்று வழுக்கும். அது போகும்வரை இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். பசை மேல் அடித்த பெயிண்ட் நண்டுக்கால் நண்டுக்காலாக வெடிக்கும்.

டெக்ஸ்சர் பூச்சைத்தான் ஆற அமர யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேடு பள்ளத்தைத் தேய்த்து மட்டமாக்குவது வீடு முழுக்கத் தூசி. மூடி மறைக்க மேலும் மேலும் பட்டி. ஆசைதான் என்றால் ஒரே சுவரோடு நிறுத்துங்கள். மரப்பேனலைச் சுவரோடு பசை போட்டு ஒட்டாமல், சட்டம் அடித்து ஸ்குரூ போட்டால் பின்னால் காற்றும் போகும், கழற்றவும் எளிது.

நிறத்தைச் சிறு அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி இரண்டு கோட் அடித்து, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். மஞ்சள் ஒளி பல்பில் சாம்பல் நிறம் பழுப்படிக்கும், நீலம் மங்கும். ஒட்டுப்படம், ஸ்டிக்கர் வகைகளைப் புது பெயிண்ட் நன்றாக இறுகிய பிறகே, அதாவது மூன்று நான்கு வாரம் கழித்தே ஒட்டலாம். படம் மாட்டத் துளை போடும்போது சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் தவிருங்கள். ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். பழைய படத்தை எடுத்த இடத்தில் வேறு சாயலாகத் தெரியும் சதுரத்தை மட்டும் டச்சப் செய்தால் திட்டாகத்தான் நிற்கும். மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுக்க அடிக்க வேண்டும்.

அப்போது பழைய விவரம் கைவசம் இருப்பதற்காக, ஒவ்வொரு முறை பெயிண்ட் அடித்ததும் பெயிண்ட் வகை, ஷேட் எண், எந்த பிரைமர், எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்து அந்தச் சுவரைத் தொடப்போகிறவர் யாரானாலும் முதலில் தேடுவது அதைத்தான்.

இப்படிக்கு,
சுவர்ப்பூச்சு வேலை அறிந்த ஒரு வாசகர்