எல்லா நட்சத்திரமும் வெடிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நட்சத்திரங்களின் மரணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே வெடிப்புதான். சூரியனைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கும் அதற்கு மேலும் எடையுள்ளவைதான் அப்படி வெடிக்கும். பெரும்பாலான நட்சத்திரங்கள் அந்த எடைக்குக் கீழே. வயதானதும் அவை ஊதிப் பெருத்து, தம் மேலுடம்பையே காற்றாக விட்டுவிட்டு, வெண்குறுமீன் என்னும் சின்ன, அடர்ந்த மிச்சமாகச் சுருங்குகின்றன. நம் உடம்பில் உள்ள கார்பனில் கணிசமான பங்கு அந்தக் காற்றில் வந்ததுதான். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

நான் உடுமலை பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்ப்பவன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று என்ன பாடு படுத்தும் என்று எங்களைக் கேட்டால் சொல்வோம். காது மடிப்புக்குள்கூடப் புழுதி இருக்கும். இங்கே காற்று தூசியைக் கிளப்புகிறது. அந்தக் கிழட்டு நட்சத்திரங்களிலோ தூசிதான் காற்றைக் கிளப்புகிறது! நட்சத்திரம் மாதக்கணக்கில் விம்மி விம்மித் தணியும். ஒவ்வொரு விம்மலிலும் வாயு கொஞ்சம் மேலே எறியப்படும். அது குளிர்ந்ததும் துகள்கள் உருவாகின்றன. சில நட்சத்திரங்களில் கரித்தூள், சிலவற்றில் மணல் வகைக் கல்தூசி. அந்தத் துகள்களை நட்சத்திரத்தின் வெளிச்சமே வெளியே தள்ளுகிறது, அவை வாயுவையும் முட்டித் தள்ளிக்கொண்டு போகின்றன. வேகம் நொடிக்கு 10, 20 கிலோமீட்டர்தான். சூரியனிலிருந்து வீசும் காற்றின் 400 கிலோமீட்டருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் வெளியேறும் சரக்கு, சூரியன் இழப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

இதுவும் முடிந்துபோன கதை இல்லை. சுமார் 180 ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஆர் டோராடஸ் என்ற இப்படிப்பட்ட கிழட்டு நட்சத்திரத்தை ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து, அங்கே துகள்கள் மிகச் சிறியவை, வெளிச்சம் மட்டும் தள்ளினால் போதாது என்று 2025-இல் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் வேறு எது தள்ளுகிறது? இதை எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

திருவாதிரை விஷயமும் அப்படித்தான். 2019 கடைசியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் அது வழக்கமான வெளிச்சத்தில் பாதிக்கும் கீழே போனபோது, வெடிக்கப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரே அமளி. (எங்கள் குழுவில் ஒருவர் பரிகாரமே சொல்லிவிட்டார்.) அப்புறம் பார்த்தால், அது கக்கிய வாயு குளிர்ந்து தூசி மேகமாகி நமக்கு மறைத்திருக்கிறது. திருவாதிரை எடை மிகுந்தது, என்றைக்காவது வெடிக்கத்தான் போகிறது. சரி, அதற்கு முன்பே அது காற்றாக இழப்பதையும் சொல்ல வேண்டாமா?

அடுத்த முறை மைராவுக்கு அரைப் பத்தியாவது ஒதுக்குங்கள். திமிங்கல மண்டலத்தில் உள்ள இந்தச் சிவப்பு ராட்சத நட்சத்திரம் சுமார் 11 மாதத்துக்கு ஒருமுறை பிரகாசமாகும், பிறகு வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வானியலாளர் டேவிட் ஃபாப்ரிசியஸ் 1596-லேயே இதைக் கவனித்திருக்கிறார். அது விட்டுவந்த வாயு பின்னால் 13 ஒளியாண்டு நீளத்துக்கு வாலாக நீண்டிருப்பதை 2007-இல் காலெக்ஸ் என்ற விண்வெளித் தொலைநோக்கியின் புற ஊதாப் படங்கள் காட்டின. மார்கழியில் இரவு எட்டு மணி வாக்கில் நம் கொங்குப் பக்கம் அது கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். வான்படம் போட்டால், எந்த மாதம் பிரகாசமாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் மொட்டை மாடியில் வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு வாசகர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உடுமலைப்பேட்டை