புதன்கிழமை போகும் தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சி,

பாலையூற்றில் பாரிசவாதம் வந்து படுக்கையிலிருக்கும் ஓர் அம்மாவைப் பார்க்கப் போகிறேன், என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டிருந்தீர். பால்மா ரின்னும் பிஸ்கற்றும் வேண்டாம். அந்த வீட்டு மேசையில் அவை ஏற்கெனவே அடுக்கியிருக்கும். நீரிழிவுக்காரருக்குப் பாதி ஆகவும் ஆகாது. பழைய பருத்திச் சேலை ஒன்று, தலையணை மூன்று, கொப்பி, பேனை. இவ்வளவும் போதும்.

சேலை எதற்கென்றால், கிடப்பவரை மேலே ஏற்ற வீட்டார் கக்கத்தில் பிடித்து இழுப்பார்கள். தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பும் சதையும் நகரும். படுக்கைப்புண் பல வேளை அப்படித்தான் தொடங்குகிறது. சேலையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அவருக்குக் கீழே விரியும். பக்கத்துக்கு ஒருவராய் நின்று விளிம்பைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். ஒருபோதும் இழுக்கக்கூடாது.

2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும்: வலம், மல்லாக்க, இடம். முழுதாய்ச் சரித்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி 30 பாகை அளவில் சாய்த்தால் போதும். இரண்டாவது தலையணை முழங்கால்களுக்கு நடுவே. மூன்றாவது கெண்டைக்காலுக்குக் கீழே, குதிக்கால் எதிலும் முட்டாமல் அந்தரத்தில் நிற்கும்படி. காற்றடித்த வளையத்தை யாராவது அன்பாய் வாங்கி வந்திருப்பார்கள். அதைப் பாவிக்காமல் எடுத்து ஒதுக்கி வையும். நடுவில் ஓட்டை இருந்தாலும், வளையம் அழுத்தும் இடத்தில் இரத்தோட்டம் நின்றுவிடும்.

ஒவ்வொரு முறையும் நாரியடி எலும்பு, இடுப்பு, குதிக்கால், கணுக்கால், முழங்கை, பிடரி ஆகியவற்றைப் பாரும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிற வேண்டும். வெளிறாவிட்டால் உள்ளே பாதிப்புத் தொடங்கிவிட்டது. எங்கள் நிறத்தில் சிவப்பு இலேசில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருக்கிறதா, சுடுகிறதா, கல்லாய் இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாரும். அந்த இடத்தில் எண்ணெய் பூசித் தேய்க்கவே கூடாது. நொந்த சதை இன்னும் நோகும். பவுடரும் வேண்டாம், வியர்வையில் கட்டிபட்டு மணலாய் உராயும். புண் திறந்து கறுத்தால், நாறினால், காய்ச்சல் வந்தால், வீட்டு வைத்தியத்தை விட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லும்.

சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்தும். முடிந்தபின் அரை மணித்தியாலம் அப்படியே இருக்கட்டும். நாடி (மோவாய்) சற்றுக் கீழே, கரண்டியில் பாதி. இருமினால் உடனே நிறுத்தும். பாரிசவாதக்காரருக்குச் சோற்றைவிடத் தண்ணீர்தான் சுலபமாய் மூச்சுக்குழாய்க்குள் போகும், அதனால் கஞ்சியைத் தடிப்பாகக் காய்ச்சச் சொல்லும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சிறுநீர் சாயம் கூடிய பிளேன்ரீ நிறத்துக்கு வந்தால் தண்ணீர் போதவில்லை. ஆனால் இருதய, சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பது கிளினிக்கில் சொன்ன அளவுதான், கூட்டாதேயும்.

இனிச் செபம். வீட்டார் கேட்டால் சுருக்கமாய்ச் செபியும். பத்துப் பேர் சுற்றி நின்று பாடினால் வருத்தக்காரருக்குக் காற்றும் இல்லை, மானமும் இல்லை. பக்கத்து வீட்டில் திருநீறு பூசிய ஐயா படுத்திருந்தால், கேளாமல் செபிக்கவே வேண்டாம். பக்கம் மாற்றிவிட்டு வாரும். "விசுவாசம் இருந்தால் குளிசை தேவையில்லை" என்று எவராவது சொன்னால், அந்த இடத்திலேயே மறுத்துப் பேசும். வைத்தியரை மதிக்கச் சொல்லும் சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் எங்கள் கத்தோலிக்க வேதாகமத்தில்தான் இருக்கிறது. படம் எடுத்து முகநூலில் போடுவதையும் இதோடு சேர்த்து விட்டுவிடும்.

லூக்கா 10இல், வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்குச் சமாரியர் செய்ததை வரிசையாய் வாசித்துப் பாரும். கிட்டப் போனார், எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார், தன் விலங்கில் ஏற்றினார், சத்திரத்தில் இராத்தங்கிப் பார்த்தார். மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்தார். அந்நாளில் அது இரண்டு நாள் கூலி. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். பிரசங்கத்தில் எண்ணெய் பேசப்படுகிற அளவுக்கு இந்தத் திரும்பி வருதல் பேசப்படுவதில்லை. படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்கு முதல் மாதம் ஊரே வரும். ஆறாவது மாதம் மகள் மட்டும்தான்.

ஆகவே, "ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு வராதேயும். எவரும் சொல்லமாட்டார்கள். "புதன்கிழமை 9 மணியிலிருந்து 12 வரை நான் இருக்கிறன், நீங்கள் போய்ப் படுங்கோ" என்று சொல்லும். இரவு இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை எழும்பும் மகளுக்கு அந்த மூன்று மணித்தியாலம் எந்தப் பால்மா ரின்னையும்விடப் பெரிது. வர முடியாத கிழமைக்கு உமக்குப் பதில் யார் என்பதை முன்கூட்டியே பேசி வையும். முடியாவிட்டால் கிழமைக்கொருமுறை என்று ஒப்புக்கொள்ளாதேயும், மாதத்துக்கு ஒன்று என்றே சொல்லும்.

கொப்பியில் நாலு வரி: நேரம், எந்தப் பக்கம், என்ன சாப்பிட்டார், தோல் எப்படி. கிளினிக்குக்குப் போகும்போது அதையே காட்டலாம். ஐப்பசியில் மழை தொடங்கினால் விரிப்புக் காயாது; இப்போதே இன்னும் இரண்டு பழஞ்சேலை தேடி வையும்.

அன்புடன்,
பங்கில் நோயாளரைச் சந்திப்போர்
திருகோணமலை