ஈழப் போரைக் கதைவழி கற்பிப்பது குறித்து: பள்ளி நூல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பள்ளி நூல் தேர்வுக் குழுவினருக்கும் நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, அரசுப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நூலகப் பாடவேளையில் இலங்கை உள்நாட்டுப் போரைப் பற்றிய புனைகதைகளுக்கு இடம் தர வேண்டும் என்றும், அவற்றை வெறும் கதையாக வாசித்து மூடிவிடாமல் பக்கத்தில் ஆவணத்தையும் வைத்துக் கற்பிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளுக்கு ஈழம் தெரியாது என்று சொல்ல முடியாது. கோடிக்கரையில் படகேறி ஈழத்துக்குப் போகும் சோழர் காலத்து நாவல்களின் புண்ணியத்தில், ராஜராஜன் அநுராதபுரத்தை வென்று பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டதையும், ராஜேந்திரன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்து வந்ததையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதே கோடிக்கரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் 1983 முதல் 2009 வரை நடந்த போரைப் பற்றிக் கேட்டால், திரைப்படத்தில் பார்த்த இரண்டு காட்சியும் மேடையில் கேட்ட நான்கு முழக்கமும் தவிர எதுவும் வருவதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய போர் நாவலாக வந்து நெஞ்சில் தங்கிவிட்டது. என் இளமையில் கரையேறி வந்த மனிதர்களின் போர் எந்த வடிவிலும் வகுப்பறைக்குள் வரவில்லை.

கதை வழியாக வரலாற்றைக் கற்பிப்பதில் உள்ள ஆபத்தையும் டெல்டாக்காரர்களாகிய நாம் அறிவோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்து இறந்தது, எங்கள் தலைமுறையில் நகரத்தில் படித்த பலருக்கு முதலில் ஒரு நாவலாகத்தான் வந்து சேர்ந்தது. அந்த நாவல் இல்லையென்றால் அவர்களில் பலர் அதை அறிந்தே இருக்கமாட்டார்கள். ஆனால் பண்ணையாரின் உடற்குறையை அது முன்னிறுத்தியதால், கூலி நெல்லுக்கும் செங்கொடிச் சங்கத்துக்கும் எதிராக நடந்த கொலை ஒரு தனிமனிதனின் மனக்கோளாறாகச் சுருங்கிவிட்டது என்ற விமர்சனமும் எழுந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு என்பதே என் எண்ணம். ஆயினும் நாவலை ஒதுக்கிவிடாமல், குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்த தீர்ப்பின் செய்தியையும் கூடவே கொடுத்துத்தான் என் மாணவர்களுக்கு வாசிக்கத் தந்தேன்.

ஈழப் போரைக் கற்பிக்கவும் அதே முறையைக் கையாண்டேன். பணியின் கடைசி ஆண்டுகளில் திருவெறும்பூர் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் இருந்தபோது, வாழவந்தான்கோட்டை இலங்கை அகதிகள் முகாமிலிருந்தும் பிள்ளைகள் எங்களிடம் படிக்க வந்தார்கள். 1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு லட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலம் வழியாகத் தென்மராட்சிக்கு வெளியேறியதை வைத்து நான்கு பக்கத்தில் நானே ஒரு கதை எழுதினேன். தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் அடியடியாக நகரும் ஒரு குடும்பத்தின் கதை. ஆவணத்தில் உள்ளது என்று தோன்றும் வரிக்குப் பக்கத்தில் 'ஆ' என்றும், கற்பனை என்று தோன்றினால் 'க' என்றும், முடிவு செய்ய முடியாவிட்டால் கேள்விக்குறியும் ஓரத்தில் போடச் சொன்னேன். தாகத்துக்குக் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைநீரைக் குடிக்கும் இடத்தில் ஏறக்குறைய வகுப்பு முழுவதும் 'க' போட்டிருந்தது. முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் 'ஆ' போட்டு, "அம்மம்மா குடிச்சவா, சார்" என்றாள். நான் எழுதிய 'சமையலறை' என்ற சொல்லை அடித்துவிட்டுப் பென்சிலால் 'குசினி' என்று திருத்தியும் தந்தாள். அவளாக முன்வந்து சொன்னதால் கேட்டுக்கொண்டோம். மற்றபடி முகாம் பிள்ளைகளை வகுப்பில் சாட்சியாக எழுப்பி நிறுத்துவது பெரிய பிழை என்பதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

அன்று எழுந்த கடினமான கேள்வி வேறு. "அவ்வளவு பேரையும் கிளம்பச் சொன்னது யார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். ராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது, வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தவர்கள் விடுதலைப் புலிகள். பிள்ளைகள் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு தரப்பை நல்லவர் என்றும் மறுதரப்பைக் கெட்டவர் என்றும் பிரித்துக்கொண்டு வந்தவர்களுக்கு அங்கேதான் கதை வரலாறாக மாறத் தொடங்கியது. சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990-இல் அதே அக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றியதையும் அடுத்த வாரம் சொன்னேன். நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் உள்ள வகுப்பறைகளில் இதை விட்டுவிட்டு ஈழக் கதை வாசிக்க எந்த ஆசிரியருக்கு முகம் இருக்கும்? 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும் 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் வீடுவீடாகத் தேடிக் கொல்லப்பட்டதையும் சொல்கிற அதே தெளிவோடு, கட்டாய ஆள்சேர்ப்பில் பிடித்துச் செல்லப்பட்ட சிறுவர்களையும், கூலிக்கு வழியில்லாமல் ராணுவத்தில் சேர்ந்த சிங்களக் கிராமத்து இளைஞனையும் சொல்லும் கதைகள் பட்டியலில் இருக்க வேண்டும்.

எண்ணிக்கைகளைக் கதையிடம் கேட்கக் கூடாது. போரின் இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் கூறியது. இலங்கை அரசு அந்த அறிக்கையை ஏற்கவில்லை. அந்த வேறுபாட்டையே ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம்.

போரின்போது யாழ்ப்பாணத்துக்கு இலங்கை அரசு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டுச் சொட்டு மண்ணெண்ணெயில் எரித்த விளக்கைப் பற்றி வேதாரண்யத்துப் பிள்ளைகளிடம் வாசித்தபோது நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தவர்கள் அவர்கள்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. தடைசெய்யப்பட்ட இயக்கம் ஒன்று இந்த வரலாற்றின் நடுவில் இருப்பதால், "வம்பு எதற்கு சார், சோழரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் நேராகவே சொன்னார். 1992 முதல் இங்கே தடை உள்ளது. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்பதும் இதே வரலாற்றின் பகுதிதான். அதையும் சேர்த்து வாசிப்பது எப்படி ஆதரவாகும்? வாசிக்காமல் விட்டால் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் ஒன்றரை நிமிடக் காணொளிகளே அவர்களுக்குப் பாடநூலாகிவிடும், அதற்கு ஓரத்தில் 'ஆ' என்றோ 'க' என்றோ எழுதிப் பார்க்கவும் வழியில்லை.

ஆகவே அடுத்த கொள்முதல் பட்டியலில், சிங்களத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது ஒன்றேனும், வடக்கின் முஸ்லிம் குடும்பம் ஒன்றை மையமாகக் கொண்டது ஒன்றேனும் உட்பட, இப்போரைப் பற்றிய நான்கைந்து புனைகதைகளைச் சேருங்கள். ஒவ்வொன்றோடும் ஒரு நிலப்படத்தையும் ஒரு பக்கக் காலவரிசையையும் இணைத்துக் கொடுங்கள். என் நான்கு பக்கக் கதையும் வேண்டுமென்றால் அனுப்பிவைக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: அச்சுக்குப் போகும்போது 'குசினி' என்பதைச் 'சமையலறை' என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்
வேதாரண்யம் வட்டம்