பாப்பா ஸ்கூலுக்கு போகட்டும், மீட்டுக்கும் வரட்டும்

அம்மணி,

நேத்து போன்ல நீ கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல. "பாப்பாவ செப்டம்பர்ல ஸ்கூல்ல சேக்கறோம், உனக்கு மனசு கஷ்டமா இருக்குதாம்மா"ன்னு கேட்ட, பின்னாடி பாப்பா கத்திட்டு இருந்தா, உனக்கும் அடுப்புல வேலை, அதான் அப்பறம் பேசிக்கலாம்னு வெச்சுட்டேன். இப்ப உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் போகும், ட்ரெயின்ல போறப்ப படிச்சுக்கோ.

கஷ்டமே இல்ல சாமி. ஜெர்மனில வீட்ல வெச்சு படிக்க வெக்க சட்டம் விடாதுன்னு உனக்கு அங்க வேலை கெடச்சப்பவே உன்ற தம்பி எல்லாத்தையும் படிச்சு சொல்லிட்டான். 1919ல எழுதுன அரசியல் சட்டத்துலயே எல்லா கொழந்தையும் ஸ்கூலுக்கு போயே தீரணும்னு வெச்சுட்டாங்க, 1938ல அதுக்குன்னு தனி சட்டமும் வந்துச்சு, ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போயும் 2006ல கேஸ் நிக்கல. அந்த கோர்ட்டு ஏத்துக்கிட்ட காரணத்த தம்பி தமிழ்ல எடுத்து சொன்னப்ப நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். கொழந்தைக எல்லா மாதிரி மனுசங்களோடயும் கலந்து வளரணும், ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியா ஒதுங்கிப் போயிரக்கூடாதுங்கறது அந்த நாட்டோட கவலை. அதுக்காக வீட்ல படிக்கறதையே தடுக்கணுமான்னா எனக்கு அதுல சம்மதம் இல்ல, ஆனா அந்த கவலை பொய் கெடையாது. உன்ன ஸ்கூல்ல இருந்து நிறுத்தி வீட்ல படிக்க வெச்சப்ப உன்ற அமுச்சி என்னைக் கேட்டதும் இதே கேள்விதான, "புள்ள நாலு பேரோட சேராம எப்படி வளரும்"னு. அதுக்கு பதில் தேடித்தான் நானும் அப்பாவும் உங்களை மாதிரி புள்ளைக வேற எங்க இருக்குதுன்னு விசாரிச்சு விசாரிச்சு போனோம், அப்படித்தான் வீட்ல படிக்க வெக்கற குடும்பங்க ஒண்ணா கூடற இந்த மீட்டே நம்ம வாழ்க்கைக்குள்ள வந்துச்சு.

போன வாரக் கடைசில ஆனைகட்டில நடந்துச்சுன்னு சொன்னேன்ல, அத முழுசா சொல்றேன் கேளு, ஏன்னா உனக்கு நான் சொல்ல வேண்டியது எல்லாம் அதுலதான் இருக்குது.

தெரிஞ்சவிங்க தோட்டம், மலையடிவாரம், ராத்திரி யாரும் தனியா வெளிய போகக்கூடாது யானை வரும்னு மொதல்லயே சொல்லிட்டாங்க. வெள்ளிக்கெழம சாயங்காலத்துல இருந்து குடும்பம் குடும்பமா வந்து எறங்குனாங்க, கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம், கேரளாப் பக்கம் பாலக்காட்டுல இருந்தும் வந்தாங்க. ஃபீஸ்னு ஒண்ணும் கெடையாது, அரிசி பருப்பு காய்கறி செலவ மட்டும் பிரிச்சுக்கறோம், சமையலுக்கு முறை போட்டுக்கறோம். மாமரத்துல ஒரு பெரிய சார்ட் பேப்பர கட்டி விட்டு மேல நேரம், பக்கத்துல எடம்னு கோடு போட்டாச்சு, மாமரத்தடி, திண்ணை, தண்ணித்தொட்டி, மாட்டுக்கொட்டகைன்னு. யாருக்கு என்ன சொல்லித்தர தெரியுமோ எழுதலாம், யாருக்கு என்ன கத்துக்கணுமோ அதையும் எழுதலாம், வயசு கணக்கு இல்ல. உங்க காலத்துல இருந்தே அதே பழக்கம்தான், ஆனா இந்த தடவ சார்ட் சனிக்கெழம காலைல டிபன் முடியறதுக்குள்ள நெறஞ்சு போச்சு.

பன்னெண்டு வயசு புள்ள ஒருத்தி குரோஷா ஊசி சொல்லித்தந்தா, அவ முன்னாடி உக்காந்து கத்துக்கிட்டது முக்காவாசி அப்பாமாருங்க. ஈபில வயர்மேனா இருந்து ரிட்டயர் ஆன தாத்தா ஒருத்தர் பேரனோட வந்திருந்தார், பழைய சுவிட்ச் போர்ட கழட்டி வெச்சு ஃபேஸ் எது நியூட்ரல் எது, எர்த் எதுக்குன்னு சொல்லித்தந்தார், கரண்ட் இல்லாத போர்டுதான், ஆனாலும் பசங்க கை நடுங்கிட்டே ஸ்க்ரூவ முறுக்குனதப் பாக்கணும். காலைல பறவை பாக்க கூட்டிட்டுப் போனது பதினஞ்சு வயசுப் பையன். பக்கத்துலயே சலீம் அலி பறவைகள் ஆராய்ச்சி மையம் இருக்குது, அவன் சின்ன வயசுல இருந்து அந்தப் பக்கமே சுத்தி வளர்ந்தவன், செம்போத்து கூவறத வெச்சே எந்தப் புதர்ல இருக்குதுன்னு காட்டறான். பின்னாடி பேசிட்டு வந்த பெரியவங்கள திரும்பிப் பாத்து "சித்த நேரம் சத்தம் போடாம வாங்க"ன்னான், அத்தன பேரும் வாய மூடிட்டு நடந்தோம்.

எனக்கு உன்ற ஞாபகம்தான். சர்வே டிபார்ட்மென்ட்ல வேலை பாத்த தாத்தா ஒருத்தர் நெழல வெச்சு மரத்தோட ஒசரம் கணக்குப் போட உனக்கு சொல்லித்தந்தாரே, ஊருக்கு வந்து நம்ம தோட்டத்துல ஒரு தென்னை விடாம அளந்து நோட்டுல எழுதி வெச்ச. அந்த நோட்டு இன்னும் அலமாரில இருக்குது. வகுப்புல உக்காந்து இந்தக் கணக்க போட்டிருந்தாலும் உனக்கு வந்திருக்கும், அத நான் மறுக்கல, ஆனா எழுவது வயசு மனுசனோட சரிக்கு சரி உக்காந்து "இல்லைங் தாத்தா, நீங்க சொன்னது தப்பாட்ட இருக்குது, திருப்பி அளப்போம்"னு சொன்ன பாரு, அந்த தைரியம் ஒரே வயசுப் புள்ளைகளோட மட்டும் இருந்திருந்தா வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

சனிக்கெழம மத்தியானம் பெத்தவங்க மட்டும் உக்காந்து பேசுனோம். புதுசா வந்தவிங்க பயத்தோடதான் வர்றாங்க, கொரோனால 2020 மார்ச்சுல ஸ்கூல மூடி சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர்லதான் தொறந்தாங்கல்ல, அப்ப வீட்ல படிக்க வெச்சுப் பாத்து அப்படியே தொடர்ந்தவிங்க இருக்காங்க, எழுத்து கூட்டிப் படிக்க செரமப்படற புள்ளைய ஸ்கூல்ல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சதால வெளிய கூட்டிட்டு வந்தவிங்களும் இருக்காங்க. எல்லாரும் கேக்கற மொதக் கேள்வி, போலீஸ் கேஸ் ஆகுமாங்க்கா. எனக்கு 2010 ஞாபகம் வந்துருச்சு. கல்வி உரிமைச் சட்டம் ஏப்ரல் 1ல அமலுக்கு வந்துச்சு, ஆறுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் கட்டாயக் கல்வின்னு போட்டிருந்துச்சு, உனக்கு வயசு தாண்டிருச்சு ஆனா தம்பிக்கு அப்ப பத்து. எனக்கு ராத்திரி தூக்கம் வராது, கேட்ல ஆள் வந்தாலே திக்குங்கும். அந்த வருசம் மீட்டுக்கு வந்த வக்கீல் ஒருத்தங்க அந்த சட்டத்த வரி வரியா படிச்சுக் காட்டி இது உங்களுக்கு தண்டனை போடற சட்டம் இல்லைங்கன்னு புரிய வெச்சாங்க, அப்பறம் 2012ல மத்திய அரசே டெல்லி ஹைகோர்ட்ல எழுதிக் குடுத்துச்சு, விருப்பப்பட்டு வீட்ல படிக்க வெக்கற பெத்தவங்களுக்கு இந்தச் சட்டம் குறுக்க நிக்காதுன்னு. அன்னைக்கு எனக்கு கெடச்ச தெம்ப இப்ப நான் இன்னொரு அம்மாவுக்கு குடுக்க முடியுதுல்ல, அதுக்காகவே நான் எத்தன வயசானாலும் போவேன்.

ஸ்கூல் போகாமயே பரீட்சை எழுத மத்திய அரசு நடத்தற ஓபன் ஸ்கூல், என்ஐஓஎஸ், அது பத்தியும் நான்தான் பேசுனேன். பத்தாவதுக்கு பதினாலு வயசு முடிஞ்சிருக்கணும், பன்னெண்டாவதுக்கு பதினஞ்சு, அஞ்சு பாடம், ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் பரீட்சை, அஞ்சு வருசத்துக்குள்ள ஒம்பது வாய்ப்பு, ஒரேடியா எழுதணும்னு இல்ல ரெண்டு ரெண்டு பாடமாக்கூட எழுதலாம், பெயின்டிங்கும் ஒரு பாடமா எடுக்கலாம். டிசி இல்லையேன்னு ஒரு அப்பா தலைல கை வெச்சாரு, படிக்கற அளவுக்கு தெரியும்னு நாமளே எழுதிக் குடுத்தாப் போதும்னு சொன்னதும்தான் அவருக்கு மூச்சு வந்துச்சு. டாக்டருக்குப் படிக்க முடியுமான்னு இன்னொருத்தங்க கேட்டாங்க, 2018ல ஓபன் ஸ்கூல் புள்ளைகள நீட் எழுத விடமாட்டோம்னு விதி போட்டதும் டெல்லி ஹைகோர்ட்டு அத தள்ளுனதும் எல்லாம் சொன்னேன். உன்னப் பத்தியும் சொன்னேன், உன்ற அனுமதி இல்லாம பேரு சொல்லல.

இப்ப மனசுக்கு ஒப்பாத ரெண்டு விசயம், அதையும் உன்கிட்ட சொல்லியாகணும். ஒண்ணு, பேச ஆரம்பிச்சா அப்பாமாருங்க நெறைய பேசறாங்க, கல்வி சுதந்திரம்னு ரொம்ப அழகா பேசறாங்க, ஆனா வீட்ல நாள் பூரா புள்ளையோட இருக்கறது அம்மாதான், வேலைய விட்டதும் அம்மாதான். சமையல் முறைல ஆம்பளைங்க பேர மொதல்ல எழுதணும்னு நான் சொன்னேன், எழுதுனாங்க, நல்லாவே சமைச்சாங்க, ஆனா வீட்டுக்குப் போயும் அது நடக்கணும். ரெண்டாவதுதான் எனக்கு பெருசு. வர்றவிங்க பாதிக்கு மேல கார்ல வர்றாங்க, பேச்சு தானா இங்கிலீஷுக்குப் போயிருது. தாராபுரத்துப் பக்கம் இருந்து ஒரு அம்மா ரெண்டு புள்ளைகளோட பஸ் மாறி மாறி வந்திருந்தாங்க, மத்தியானம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. நான் எந்திரிச்சு இனிமே தமிழ்லயே பேசுவோங்கன்னு சொல்லி அவிங்ககிட்ட கேட்டேன், நீங்க வீட்ல எப்படி சொல்லித்தர்றீங்கன்னு. பால் சொசைட்டி அட்டையத்தான் வெச்சு சொல்லித்தர்றாங்களாம். தெனம் எத்தன லிட்டர், கொழுப்பு எத்தன பாயின்ட், அதுக்கு லிட்டருக்கு எவ்வளவு ரூவா, பத்து நாளைக்கு எவ்வளவு வரணும், சொசைட்டில போட்டது சரியா இருக்குதான்னு மூத்த புள்ள கணக்கு பாக்குமாம், தசம புள்ளி அதுக்கு அப்படித்தான் வந்துச்சாம். வெய்யக்காலத்துல ஏன் பால் கொறையுதுன்னு கேட்டு மாட்டுத் தீவனம், மழைன்னு அங்க இருந்து அறிவியலுக்குப் போயிருச்சாம். ஐடில வேலை பாக்கறவிங்க எல்லாம் நோட்ட எடுத்து எழுதிக்கிட்டாங்க. அந்த அம்மா பேசாமலே பஸ் ஏறிப் போயிருந்தா யாருக்கு நட்டம் சொல்லு.

அதான் அம்மணி, அந்த கோர்ட்டு சொன்ன கவலை நம்ம மீட்டுக்கும் பொருந்துது. பாப்பா போகப்போற ஸ்கூல்ல துருக்கிக்காரங்க புள்ளை, சிரியால இருந்து வந்த புள்ளை, டாக்டர் புள்ளை, ட்ரைவர் புள்ளை எல்லாம் ஒரே பெஞ்சுல உக்காரும்னு நீ சொன்ன, அது எனக்கு ரொம்ப சந்தோசம், நாங்க இத்தன வருசமா முயற்சி பண்ணியும் அந்தக் கலப்பு எங்களுக்கு முழுசா வரல. மொத நாள் கைல குடுக்கற அந்தப் பெரிய கூம்பு, மிட்டாயும் பென்சிலும் போட்டு, ஷூல்டூட்டே தான, அதையும் ஆசையா செஞ்சு குடு, நம்ம வீட்டு கடலை மிட்டாயும் நாலு போடு, நான் அனுப்பறேன். ஆனா நாலாவது முடிஞ்சதும் புள்ளைகள பிரிச்சு வேற வேற ஸ்கூலுக்கு அனுப்பிருவாங்கன்னும் நீதான் சொன்ன. பத்து வயசுல பிரிச்சா அப்பறம் அந்தக் கலப்பு எங்க இருக்கும். ஸ்கூல்லயும் எல்லாம் ஒரே வயசு, நாள் பூரா கேள்வி கேக்கறது டீச்சர், பதில் சொல்றது புள்ளை. வயர்மேன் தாத்தாவும் பறவைப் பையனும் அதுக்குள்ள எங்க வருவாங்க.

அதனால ஸ்கூலுக்கு அனுப்பு, கூடவே ஒரு மீட்ட நீ ஆரம்பி. மதியத்தோட ஸ்கூல் விட்டுருமாமா, சனி ஞாயிறு சுத்தமா லீவு, நேரத்துக்கு பஞ்சமில்ல, உன்ற வேலையத்தான் கொஞ்சம் பாத்துக்கணும், மாப்பிள்ளைக்கும் பாதி பொறுப்ப குடு. தமிழாலயத்துல ஈழத்துக் குடும்பங்க எத்தன வருசமா வாரக் கடைசில அவிங்க புள்ளைகளுக்கு தமிழ் சொல்லித்தர்றாங்க, அவிங்களப் போய்ப் பாரு, ஒரு மண்டபத்த எப்படி வாடகைக்கு எடுக்கறதுல இருந்து பெத்தவங்கள எப்படி சேக்கறது வரைக்கும் அவிங்களுக்குத் தெரியாதது இல்ல. ஆனா தமிழ் ஆளுகளோட மட்டும் நிறுத்திராத. மாடில ஸ்வெட்டர் பின்னற பாட்டியம்மா இருக்காங்கன்னியே, அவிங்களையும் கூப்புடு, பாப்பாவோட சிநேகிதப் புள்ளைக வீட்ல ரொட்டி சுடத் தெரிஞ்சவிங்க இருந்தா கூப்புடு. ஒரு சார்ட் பேப்பர், ஒரு பெரிய பாத்திரம் சோறு, அவ்வளவுதான் வேணும். மொதல்ல ரெண்டு குடும்பம்தான் வரும், வரட்டும், நாங்க ஆரம்பிச்சப்பவும் அப்படித்தான்.

ஸ்கூல் சேந்துட்டா லீவு இல்லாத நாள்ல கூட்டிட்டு வந்தா ஃபைன் போடுவாங்கன்னு சொன்னல்ல, அப்ப பாப்பாவுக்கு எந்தக் கணக்கும் இல்லாத கடைசி வருசம் இதுதான். அடுத்த மீட்ட நம்ம தோட்டத்துலயே வெக்கறதா பேசியிருக்கோம், தேதி இன்னும் முடிவாகல, நீங்க வர்றத வெச்சு முடிவு பண்ணிக்கலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஜூன் கடைசியா, ஜூலையா, எது தோதுப்படும்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டு சொல்லு. சார்ட்ல உனக்குன்னு ஒரு எடம் காலியா வெக்கப்போறேன், வீட்ல படிச்ச புள்ளைக வளந்து எப்படி இருக்காங்கன்னு நெறைய பேரு கேக்கறாங்க, நல்லது கெட்டது ரெண்டையும் நீ பேசணும், எனக்காக எதையும் கொறைச்சு சொல்ல வேண்டாம். பாப்பா ஏதாச்சும் சொல்லித்தர்றாளான்னும் அவகிட்ட கேளு, சின்ன எடமா போதும்னா திண்ணைய எழுதிக்கறேன். அப்பா டிக்கெட் வெலை பாத்துட்டு இருக்காரு, இந்த வாரத்துக்குள்ள சொன்னா நல்லது.

அம்மா