வாக்குத்தத்த அட்டையும் வரையாடும்

அன்புள்ள மகளே,

ஷார்ஜாவிலிருந்து நீ அனுப்பிய நீண்ட மெசேஜை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். போனில் பதில் தட்ட உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் எனக்கு ஓடாது. அதனால் தாளில் எழுதுகிறேன், பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ எடுத்து அனுப்புவான். எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்.

முதலில் வீட்டு விஷயம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) இந்த முறை நேரத்துக்கே தொடங்கிவிட்டது. ரப்பர் மரங்களுக்குப் பிளாஸ்டிக் கட்டியாயிற்று, அதனால் பால்வெட்டு அதிகம் முடங்கவில்லை. அம்மைக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது, அவள் வாயும் அப்படியே இருக்கிறது. பாறசாலை சித்தி வந்து இரண்டு நாள் தங்கிப் போனாள். சரி, உன் காரியத்துக்கு வருகிறேன்.

வருஷப்பிறப்பு ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டைகள் இருந்த பெட்டிக்குள் கை விட்டாய், இந்த வருஷத்துக்கு உனக்கு எரேமியா 29:11 வந்தது. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற வசனம். சந்தோஷமாகப் போட்டோ எடுத்து எங்களுக்கும் அனுப்பினாய். அப்புறம் ஆபீசில் உனக்கு வரவேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது, கல்யாணப் பேச்சும் பாதியில் நின்றது. இப்போது, 'என் விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது அப்பா, அதனால்தான் வாக்குத்தத்தம் எனக்குப் பலிக்கவில்லை' என்று எழுதுகிறாய். அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு வேறு வாங்கி, தினமும் ராத்திரி ஜெபத்துக்கு இவ்வளவு, கோபத்துக்கு இவ்வளவு, பொறாமைக்கு இவ்வளவு என்று உனக்கு நீயே மார்க் போடுகிறாய். ஒருநாளும் பாஸாகவில்லை என்கிறாய்.

பதவி போனதற்கும் சம்பந்தம் போனதற்கும் எனக்கு வருத்தம் உண்டு. அதை லேசாக நினைக்கிறேன் என்று எண்ணாதே. ஆனால் அதைவிட அந்த நோட்டுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அட்டையைப் பற்றி முதலில். அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. எருசலேமில் இருந்த எரேமியா தீர்க்கதரிசி, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு, யூதா ராஜாவின் ஆட்கள் கையில் கொடுத்தனுப்பிய கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கொண்டுபோன கூட்டம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தைப் படித்தால் அனனியா என்று ஒருவர் வருவார். ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் நின்று, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொன்னவர். ஜனங்களுக்கு இனித்திருக்கும். அட்டையில் அச்சடித்து விற்றால் அனனியாவின் வார்த்தைதான் அதிகம் போயிருக்கும். அது பொய் என்று எரேமியா முகத்துக்கு நேரே சொன்னான். அந்த வருஷமே அனனியா செத்தும் போனான்.

எரேமியாவின் கடிதத்தில் இருந்த கணக்கு 70 வருஷம். நீ பிடித்துக்கொண்டிருக்கிற 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே அது இருக்கிறது. கடிதம் வந்த அன்றைக்கு உன் வயதில் இருந்த ஒரு பெண்ணை நினைத்துப் பார். அவள் திரும்பி வந்திருக்க மாட்டாள். அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு, அதன் பழத்தைச் சாப்பிடு, பிள்ளைகளைப் பெறு, உன்னைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணு என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தது. அவளும் அந்த வசனத்தைத் தன் வருஷத்துக்கான வாக்குத்தத்தமாக வாசித்திருந்தால், உன்னைப் போல நோட்டு எழுத உட்கார்ந்திருப்பாள்.

அப்படியென்றால் அந்த வசனம் நமக்கு இல்லையா என்று கேட்பாய். நமக்கும்தான். ஆனால் அது முதலாவது உன்னைப் பற்றிப் பேசவில்லை. தப்புப் பண்ணித் தண்டனைக்குள் போன ஜனத்தையும் கைவிடாத தேவனைப் பற்றிப் பேசுகிறது. இன்னும் இரண்டு வசனம் கீழே இறங்கினால், முழு இருதயத்தோடும் தேடினால் என்னைக் கண்டுபிடிப்பீர்கள் என்று அவரே சொல்லுகிறார். வாக்குத்தத்தம் போய்ச் சேருகிற இடம் அதுதான், அவரே. அட்டையில் அவ்வளவு தூரத்துக்கு இடம் இருக்காது. (அட்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்மையின் அட்டைகள் பத்துப் பதினைந்து வருஷத்தவை அவள் பைபிளுக்குள் கிடக்கின்றன, அதில் கை வைத்தால் எனக்குச் சோறு கிடைக்காது.)

இனி நோட்டு. ரப்பர் மரத்தைப் பற்றி உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால்தான் மரம் தாங்கும். பால் போதவில்லை என்று தினமும் வெட்டி, ஆழமாகவும் வெட்டினால், பட்டை வறண்டு கொஞ்ச நாளில் சிரட்டையில் ஒன்றும் விழாது. ராத்திரிதோறும் நீ உன் மனதை அப்படித்தான் கீறிக்கொண்டிருக்கிறாய்.

தன்னைப் புகழ்கிறவன்தான் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவன் என்று நாம் நினைக்கிறோம். லூக்கா 18இல் ஆலயத்துக்கு வந்த பரிசேயன், மதச் சட்டங்களைக் கறாராகக் கைக்கொள்ளுகிறவன், அப்படித்தான்: வாரத்தில் இரண்டுதரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம் என்று ஜெபத்திலேயே கணக்கு வாசித்தான். அவனுக்கு எல்லாப் பாடத்திலும் முதல் மார்க். உனக்கு எல்லாவற்றிலும் பெயில். ஆனால் இரண்டு பேர் நோட்டிலும் இருக்கிற பெயர் ஒன்றுதான் மகளே, அவரவர் பெயர். தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பதும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுதான். பின்னால் தூரத்தில் நின்ற ஆயக்காரனை, வரி வசூலிக்கிறவனைப் பார். அவனுக்கும் தன் பாவம் தெரியும், மார்பில் அடித்துக்கொள்ளவும் செய்தான். ஆனால் பாவங்களை வரிசையாக எழுதிக்கொண்டு நிற்கவில்லை. தேவனே, கிருபையாயிரும் என்று ஒரு வாக்கியம் சொன்னான், வீட்டுக்குப் போனான்.

உன்னை நீ சோதித்துப் பார்க்கவே கூடாது என்று அர்த்தமில்லை. திருவிருந்துக்கு முன்னால் தன்னைத்தானே சோதித்தறியும்படி பவுல் சொல்லியிருக்கிறார், நம் சபையிலும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். ஆனால் அதோடு முடியவில்லை, அதன் பிறகு போய் அப்பத்தைப் புசிக்க வேண்டும் என்கிறார். நீ சோதனையிலேயே நின்றுகொண்டு மேசைக்கு வருவதில்லை. 139ஆம் சங்கீதத்தில் தாவீதும் 'என்னை ஆராய்ந்து' என்று கேட்கிறான். ஆராய்கிற வேலையை அவன் தேவனிடம் விட்டுவிடுகிறான், தானே ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தச் சங்கீதத்தில் அதற்கு முன்னால் எவ்வளவு வருகிறது என்று பார். வானத்துக்கு ஏறினாலும் நீர் அங்கே, பாதாளத்தில் படுக்கை போட்டாலும் நீர் அங்கே, தாயின் கர்ப்பத்தில் என்னை உருவாக்கினவரும் நீரே என்று அவரைப் பற்றியே சொல்லிச் சொல்லி, கடைசியில்தான் 'என்னை ஆராய்ந்து' வருகிறது. யார் கையில் தன்னைக் கொடுக்கிறோம் என்று தெரிந்த பிறகு கேட்கிறான், அதனால் அவனுக்குப் பயமில்லை.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு யோபுதான் ஞாபகம் வருகிறான், சொத்தும் பிள்ளைகளும் போய், உடம்பெல்லாம் புண்ணாகச் சாம்பலில் உட்கார்ந்தவன். நம் நாட்டில் யோபுவுக்கு ஒரு தனிக் கதையே உண்டு. நட்டாலத்துக்காரர் நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா காலத்து அதிகாரி. அவர் வீட்டில் அடுக்கடுக்காக நஷ்டம் வந்து மனமுடைந்திருந்தபோது, 1741இல் குளச்சல் சண்டையில் பிடிபட்டு, பிறகு ராஜாவின் படைக்கே தலைவராகிவிட்ட டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்று ஞானஸ்நானம் எடுத்தார். அவர் கத்தோலிக்கர், நாம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்று ஒதுக்கிவிடாதே. 2022இல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது இங்கே எல்லாச் சபைக்காரர்களும்தான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

நான் சொல்ல வந்தது இது. யோபுவின் கடைசி அதிகாரத்தில் போனதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பும். அதை மட்டும் நம்பி வந்திருந்தால் தேவசகாயம் பிள்ளை ஏமாந்துதான் போயிருப்பார். அவருக்கு ஒன்றும் திரும்பவில்லை. இருந்த உத்தியோகம் போனது, மரியாதை போனது, ஜெயிலும் அடியும் வந்தன, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அப்படியும் அவர் பின்வாங்கவில்லை என்றால், அந்தக் கதையில் இரட்டிப்பைவிடப் பெரிதாக ஏதோ அவர் கையில் கிடைத்திருக்க வேண்டும்.

அது எங்கே இருக்கிறது என்றால், 38ஆம் அதிகாரம் முதல் என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் யோபு பேசுகிறான், சிநேகிதர்கள் பேசுகிறார்கள், எல்லோருக்கும் ஒரே விஷயம்: யோபு. அவன் நீதிமானா, பாவியா, எங்கே தவறினான்? சிநேகிதர்களும் ஒரு நோட்டு வைத்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். கர்த்தர் வந்து பேசத் தொடங்கினால் அந்த நோட்டை அவர் தொடவே இல்லை. ஏன் உனக்கு இப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனுஷர் குடியில்லாத வனாந்தரத்தில் மழை பெய்யப்பண்ணுகிறது யார் என்கிறார். 'வரையாடுகள் ஈனுங்காலத்தை அறிவாயோ?' என்கிறார். முட்டையைத் தரையில் போட்டுவிட்டு மறந்துபோகிற தீக்குருவியை (நெருப்புக்கோழியை) பற்றிக்கூட ஒரு பத்தி பேசுகிறார். பிள்ளைகளை அடக்கம் பண்ணின ஒருவனிடம் பேசுகிற பேச்சா இது என்று தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித் தோன்றியதுண்டு.

ஆனால் யோபுவுக்கு அது போதுமாயிருந்தது. ஆள் இல்லாத காட்டில் மழை பெய்விக்கிறவர், ஒருவர் கண்ணிலும் படாத பாறை இடுக்கில் ஆடு எப்போது குட்டி போடும் என்று மாதக்கணக்கு வைத்திருக்கிறவர், தன்னை மறந்திருக்க மாட்டார் என்று அவனுக்கு விளங்கியிருக்கும். 'என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன். இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது' என்கிறான். இதைச் சொல்லும்போது அவன் இன்னும் சாம்பலில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆடு மாடு ஒன்றும் இன்னும் திரும்பவில்லை, புண்கூட ஆறினதாக எழுதியில்லை. இரட்டிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது.

உனக்கு நான் கேட்பதும் இந்தக் கண்தான். பதவி கிடைக்கட்டும், நல்ல இடத்தில் கல்யாணம் நடக்கட்டும், அதற்கெல்லாம் இங்கே ஜெபம் நடக்கிறது. அம்மை விடியற்காலையில் எழுந்து முட்டுப்போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தே ஜெபிக்கிறாள். ஆனால் அதெல்லாம் கிடைத்து, அவரை அறியாமலே போய்விட்டாய் என்றால், எங்களுக்கு என்ன சந்தோஷம்?

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய், நீ கணக்குப் படித்தவள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், லீவு நாளில் ஒரே இருப்பில் வாசித்துவிடலாம். வாசிக்கும்போது 'இதில் எனக்கு என்ன செய்தி' என்று ஓடாதே. இயேசு யாரைத் தொட்டார், எதற்குக் கோபப்பட்டார், எப்போது தூங்கினார், எங்கே தனியாகப் போனார் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போ. உனக்கானது வரவேண்டிய நேரத்தில் வரும். ஜெபத்திலும் அப்படியே. அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் அவருடைய நாமமும் ராஜ்யமும் சித்தமும் வந்த பிறகுதான் அப்பம் வருகிறது. நீ உட்கார்ந்த உடனே அப்பத்தில் தொடங்கி, அது ஏன் வரவில்லை என்பதில் முடிக்கிறாய். அப்புறம் அங்கே உன்னோடு அறையில் இருக்கிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தாயே, அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடு. பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுவதில் அதுவும் சேரும்.

நோட்டைக் கிழிக்க வேண்டாம், பாதிக்குமேல் வெள்ளைத்தாள் இருக்கிறது என்றாயே. அதில் அரிசி பருப்புக் கணக்கு எழுது, சம்பளம் எங்கே போகிறது என்று தெரியும்.

அடுத்த வாரம் சித்தியின் மருமகன் திருவனந்தபுரத்திலிருந்து ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான். நேந்திரங்காய் வற்றலும் நாரத்தங்காய் ஊறுகாயும் அவனிடம் கொடுத்துவிடுகிறோம். ஊறுகாய் போன தடவைபோல் வழியாமல் இருக்க அம்மை மூன்று கவர் போட்டிருக்கிறாள். பைக்குள் மருந்தும் அதன் சீட்டும் இருக்கும், உன் ரூம்காரிக்கும் பார்த்துக் கொடு.

யோபு 39ஐ வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அந்தத் தீக்குருவியை ஏன் சொன்னார் என்று நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். அங்கே பத்தரை என்றால் இங்கே பன்னிரண்டு, கோயில் விட்டு வந்து அம்மை அடுப்படியில் நிற்பாள். கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டால் இரண்டு பேரும் பேசலாம்.

அன்புடன்,
அப்பா