புல்லை நகர்த்தி வைக்கிற மைதானம்

கிளிநொச்சி

அன்பு மச்சான்,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. லண்டனில் டொட்டன்ஹாம் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானத்தில் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்கிறாய். வயிறு மட்டும் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். காலபோகம் வெட்டி முடிந்தது, நெல் விலைதான் வழக்கம்போல. இரணைமடுவில் தண்ணீர் இருக்கிறது, சிறுபோகமும் விதைக்கலாம் என்று யோசிக்கிறேன்.

எங்கட மைதானத்தையும் அப்படி உதைபந்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும் பொதுவாக மாற்றினால் என்ன என்று கேட்டிருந்தாய். அங்கத்தைய கணக்கு வேறு, மச்சான். லீக்கில் ஒரு அணிக்குச் சொந்த மைதானத்தில் 19 ஆட்டம்தான். கிண்ணப் போட்டிகளைச் சேர்த்தாலும் மிச்ச நாளெல்லாம் கதிரைகள் சும்மா கிடக்கும். வைற் ஹார்ட் லேன் என்ற பழைய மைதானத்தை இடித்து, ஒரு பில்லியன் பவுண் அளவில் கொட்டி, 62,850 பேர் இருக்கிற மாதிரிக் கட்டி 2019இல் திறந்தவர்கள் அதைப் பூட்டி வைப்பார்களா? பியோன்சே வந்து பாடட்டும், அமெரிக்கர் வந்து முட்டைப் பந்தை எறியட்டும், காசு வந்தால் சரி.

எனக்குப் பிடித்தது அந்தப் புல்தான். மூன்று துண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் 3,000 தொன்னுக்கு மேல், அரை மணித்தியாலத்துக்குள் தெற்குப் பக்கக் கதிரைகளுக்குக் கீழே போய்விடும். அமெரிக்க ஆட்டத்துக்கு அடியில் வேறாகச் செயற்கைப் புல்தரை. எவன் வந்து என்ன ஆடினாலும் உதைபந்தாட்டத் தரையில் கை வைக்க விடுவதில்லை.

எங்கட மைதானம் எப்போதுமே பலதுக்கும்தானே? பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கட்சிக் கூட்டம், கார்னிவல், எல்லாம் அங்கேதான். கடைசியாக நடந்த இசை நிகழ்ச்சிக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். மேடைக் குழாய் நட்ட குழிகள், பெனால்டி அடிக்கிற இடத்தில் ஜெனரேட்டர் ஒழுக்கிய எண்ணெய், குறுக்காலே லொறிச் சில்லுத் தடம். பிறகு மழை பெய்து, காய்ந்து, அந்தத் தடம் கல்லாய் இறுகிவிட்டது. பெடியள் கோடு போட வந்து, கோல் கம்பத்துக்கு முன்னால் குந்தியிருந்து சோடா மூடி பொறுக்கினார்கள். வாடகை வாங்கியவர்கள் ஒரு லோட் மண்கூடப் பறிக்கவில்லை.

கூரையும் பெரிய திரையும் எங்களுக்கு வேண்டாம். வடக்கு மூலையில் கொங்கிறீற் போட்டு நிரந்தர மேடை ஒன்று, லொறி வந்து போகத் தனிப் பாதை, புல்லைச் சுற்றி வேலி, வருகிற வாடகையில் ஒரு பங்கு புல்லுக்கும் தண்ணீருக்கும். இவ்வளவும் நடந்தால் எந்தப் பாட்டுக்காரன் வந்தாலும் நான் மறிக்க மாட்டேன். சனம் சந்தோசமாக இருக்கத்தானே மைதானம்.

சத்தம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விசயம். மட்ரிட்டில் பெர்னபேயு மைதானத்துக்கு மூடித் திறக்கிற கூரையெல்லாம் போட்டார்கள். அப்படியிருந்தும் அயலவர்கள் இரைச்சல் தாங்காமல் முறையிட, 2024 செப்டெம்பரில் இசை நிகழ்ச்சிகளை நிறுத்தி வைத்தார்கள். எங்கட மைதானத்து மதிலோடு வீடுகள் இருப்பது உனக்குத் தெரியும். பத்து மணிக்கு மேலே ஸ்பீக்கர் போட்டால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எங்கே போகும்?

கழகக் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார்கள். வேலிக் கம்பிக்கு மட்டும் விலை கேட்டு வரச் சொல்லி ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள்.

ஓகஸ்டில் வருவாய் என்றால் முன்னமே சொல்லு. பழைய ஆக்களின் அணிக்குப் பின்வரிசையில் ஒரு ஆள் குறைகிறது. உன்ர முழங்கால் இப்போது எப்படி?

அன்புடன்,
உன் மச்சான்