சுகமாகாதவர்களைக் குறித்து, சுகமளிக்கும் கூட்டங்களை நடத்துகிறவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

வியாதியஸ்தருக்காக ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. யாக்கோபு 5:14 இருக்கிறவரைக்கும் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கத்தான் வேண்டும். ஜெபித்தும் நோய் போகாதபோது நோயாளியைப் பார்த்து "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்கிறீர்களே, எங்கள் முறையீடு அதைப் பற்றியதுதான்.

மத்தேயு 17-இல் சந்திரரோகியான, அதாவது வலிப்பு நோயுள்ள, பையனைச் சீஷர்களால் சுகமாக்க முடியவில்லை. இயேசு அவிசுவாசத்தைச் சுட்டினார், உண்மைதான். ஆனால் யாருடைய அவிசுவாசத்தை? ஜெபிக்கப் போன சீஷர்களுடையதை. பையனை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவிசுவாசத்தினால் இயேசு அதிக அற்புதங்கள் செய்யாத அவருடைய சொந்த ஊரான நாசரேத்தைக் காட்டுவீர்கள். அங்கே குறை, அவரை அற்பமாய் எண்ணிய ஊரார்மேல்; அந்த ஊரிலும் சில நோயாளிகள்மேல் கைவைத்துச் சுகமாக்கினார் என்று மாற்கு 6:5 சொல்கிறது. கைக்குட்டை வழியாகவும் சுகம் அனுப்பிய பவுல், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னார். தன் சரீரத்தில் இருந்த "முள்" என்று அவர் சொன்ன உபத்திரவத்துக்காக மூன்றுதரம் வேண்டியும் அது நீங்கவில்லை. இவர்களில் யாருக்கு விசுவாசம் போதாமல் போயிற்று?

இந்தப் பழி மனதை மட்டும் காயப்படுத்துவதில்லை. விசுவாசத்தை நிரூபிக்க எல்லாருக்கும் தெரிகிற ஒரே வழி, மருந்தை நிறுத்துவது. முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை விட்டால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும்: வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, பிறகு மயக்கம், உயிராபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். காசநோயில் சில வாரத்திலேயே இருமலும் காய்ச்சலும் அடங்கிவிடும், கிருமி அடங்கியிருக்காது. வழக்கமான 6 மாத மருந்தை நடுவில் விட்டால் நோய் திரும்பும், மருந்துக்கு மசியாத கிருமியாகவும் மாறக்கூடும். உயர் இரத்த அழுத்தமோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. "எனக்கு ஒன்றுமில்லை, சுகமாகிவிட்டேன்" என்ற சாட்சி எளிதாக வருவது இங்கேதான்.

ஆகவே கைவைக்கும் முன்னும் பின்னும் மைக்கிலேயே சொல்லுங்கள்: "மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மருந்தையும் நிறுத்தாதீர்கள்." துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுத்தால் போதாது. பாட்டும் ஆர்ப்பரிப்புமான நேரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை.

சாட்சி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பரவசத்தில் உடலே சுரக்கிற எண்டார்ஃபின் வலியைக் கொஞ்ச நேரம் மறைக்கும். மூட்டுவலிக்காரர் மேடையில் ஓடுவார். மறுநாள் கட்டிலைவிட்டு இறங்க மாட்டார். வீடியோவோ அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். குஷ்டரோகியை இயேசு நேரே ஆசாரியனிடம் அனுப்பினார். லேவியராகமம் 13-இன்படி ஆசாரியன் சந்தேகமானவனை 7 நாள் அடைத்துவைத்து மறுபடி பார்ப்பான். பிரான்சிலுள்ள கத்தோலிக்கத் திருத்தலமான லூர்து நகரில் 1883-இலிருந்து மருத்துவக் குழு ஒன்று, சுகமானது உண்மையா என்று சரிபார்க்கும் இந்த வேலையைச் செய்கிறது: முன்னும் பின்னும் எடுத்த பரிசோதனைகள், நோய் திரும்பியதா என்று பல வருடக் காத்திருப்பு. ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் வந்தும், அற்புதம் என்று திருச்சபை ஏற்றவை நூறைத் தொடவில்லை. கத்தோலிக்க மரபு நமக்கு ஆகாது என்பவர்கள் அந்தப் பொறுமையையாவது கடன் வாங்கலாம். பழைய அறிக்கை, புதிய அறிக்கை, சிகிச்சை அளித்த மருத்துவரின் எழுத்து, குறைந்தது ஒரு வருட இடைவெளி, நோயாளியின் சம்மதம்: இவை கைக்கு வரும்வரை எந்தச் சாட்சியையும் வெளியிடாதீர்கள்.

சுகமாகாதவர்களுக்கு என்ன நடக்கிறது? சில மாதத்தில் ஜெபக்குறிப்பிலிருந்து பெயர் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். நீடித்த நோயாளிகளுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் பொறுப்பெடுத்துப் போகட்டும். கால் மணி நேரம் போதும். என்ன ஜெபிக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். சிலர் சுகத்தைக் கேட்க மாட்டார்கள், ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கேட்பார்கள். வாசிக்க ஏதாவது வேண்டுமென்றால் சங்கீதம் 88 இருக்கிறது. இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. "ஏதாவது மறைவான பாவம் உண்டா" என்ற கேள்வியை மட்டும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகவே இருந்தார்கள். பேசப்போய்த்தான் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள்.

மரணம் நெருங்கிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்ன வீட்டில் "சாவைப் பற்றி அறிக்கையிடாதே" என்று தடுக்காதீர்கள். மார்ஃபின் வேண்டாமென்று சொல்ல வைக்காதீர்கள். வலி அடங்கினால்தான் அவரால் பேச முடியும். உயில், கடன், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், பிள்ளைகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் பேச அவருக்கு நாள் தேவை. கேட்டால் திருவிருந்து கொடுங்கள். சுகத்துக்கும் ஜெபியுங்கள், அவர் விரும்பினால்.